சக்கரத்தில் வைக்கும் முன்

மதுரை வில்லாபுரத்தில் நமக்கு நன்கு பழக்கமான கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் ஆசிரியர். எத்தியோப்பிய நாட்டுக் கல்லூரி ஒன்றில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு 2010-ஆம் ஆண்டு ஊர் திரும்பியவர். திரும்புகையில் அங்கே ரசீது பெற்று வாங்கிய கல் ஒன்றையும் கொண்டு வந்தார். பார்வைக்கு அது அழுக்கேறிய கற்கண்டுக் கட்டி போன்றிருக்கும். மேலே பழுப்பு நிறத் தோல். ஒரு பக்கத்தில் மட்டும் சிறிது உடைந்திருக்கும். அந்த உடைந்த வாயில் வெளிச்சம் பட்டால் உள்ளே சிவப்பும் பச்சையும் கனல் போல ஓடும். கிறிஸ்து பிறப்பு விழாவன்று நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு வந்ததும், பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து அதை எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவது அவரது வழக்கம். ஓப்பல் என்னும் ரத்தினத்தின் அறுபடாத கல் அது. எடை 61 காரட். ஐந்து காரட் ஒரு கிராம் என்பதால், பன்னிரண்டு கிராமுக்குச் சற்று அதிகம்.

ஆசிரியர் உயில் எழுதாமலே இறைவனடி சேர்ந்தார். மனைவியும், இரு மகன்களும், திருமணமாகிய மகளும் இருக்கின்றனர். ஆண்டுத் திதித் திருப்பலி முடிந்த சில நாட்களில் வீட்டைப் பாகம் பிரிக்கும் பேச்சு எழுந்தது. வீட்டைப் பற்றிய பேச்சில் வெளிப்படாத கசப்பு, இந்தச் சிறு கல்லைப் பற்றிய பேச்சில் வெளிப்பட்டது. “உள்ளபடியே விற்றுவிட்டுப் பணத்தைப் பிரிப்போம்” என்றார் மூத்தவர். “விலை தெரியாமல் விற்று ஏமாற வேண்டாம், சரி பாதியாக அறுத்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம்” என்றார் இளையவர். இருவர் கணக்கிலும் தங்கை இல்லை. “அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே” என்பதில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒன்றுபட்டிருந்தனர்.

மகள் சண்டையிடவில்லை. “எனக்குக் கல் வேண்டாம். ஆனால் அப்பாவுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர் என்பது போலப் பேசுகிறீர்களே, அதுதான் தாங்கவில்லை” என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு தாய் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். நாளடைவில் சகோதரர் இருவருக்குள்ளும் பேச்சு நின்றது. ஞாயிறு திருப்பலிக்கு ஒருவர் காலையிலும் ஒருவர் மாலையிலும் வரத் தொடங்கினர்.

ஒரு நாள் அந்தத் தாய் நம்மை அழைத்து, “நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்; கேட்பார்கள்” என்றார். லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரம் நம் நினைவுக்கு வந்தது. கூட்டத்திலிருந்த ஒருவன், சொத்தைத் தன்னோடு பங்கிட்டுக்கொள்ளும்படி தன் சகோதரனுக்குச் சொல்லவேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்கிறான். பாகம் பிரிக்கும் நடுவராக இருக்க அவர் மறுத்துவிடுகிறார். பேராசையைக் குறித்து எச்சரிக்கிறார். ஆண்டவரே ஏற்க மறுத்த பதவியை நாம் ஏற்பது எங்ஙனம்? ஆகவே ஒன்று மட்டும் சொன்னோம்: “அறுப்பதா, விற்பதா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் கல்லை அறிந்தவர் ஒருவர் அதைப் பார்க்கட்டும்.”

இந்த ரத்தினத்தை நம் வாசகரில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நவமணிகளின் வரிசையில் இதற்கு இடமில்லை. ஆயினும் கல் என்னும் பொருள் தரும் ‘உபல’ என்ற வடசொல்லிலிருந்தே ஓப்பல் என்ற பெயர் பிறந்திருக்கலாம் என்பர். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, இந்தியாவையே இக்கல்லின் தாயகமாகக் குறித்து வைத்தார். இதன் மீது மனிதன் கொண்ட மோகத்திற்கும் அவரே ஒரு கதை சொல்கிறார். நோனியுஸ் என்ற செனட்டரிடம் ஓப்பல் பதித்த மோதிரம் இருந்தது. மார்க் அந்தோணி அதை விரும்பினான். கல்லைக் கொடுக்க மனமில்லாத நோனியுஸ், தன் உடைமைகளில் அந்த மோதிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நாட்டை விட்டே ஓடினானாம். ஒரு கல்லுக்காக வீட்டையும் ஊரையும் இழப்பது புதிய செய்தி அன்று.

ஓப்பலின் வண்ணம் சாயம் அன்று. மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவும் சிறிது தண்ணீரும் சேர்ந்து இறுகியதே இக்கல். தண்ணீரின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பங்கு வரை இருக்கும். 1964-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியாக இதன் உள்ளமைப்பைக் கண்டனர். கடைக்காரர் அடுக்கிய ஆரஞ்சுப் பழங்கள் போல, மிக நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் வரிசை வரிசையாக அடுங்கியிருந்தன. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால், ஒன்றரை முதல் மூன்று கூறு அளவே ஓர் உருண்டை. அந்த வரிசைகளில் பட்டுத் திரும்பும் ஒளியே பல வண்ணங்களாகப் பிரிகிறது. உருண்டை சிறிதாயின் நீலம், பெரிதாயின் சிவப்பு. வரிசை கலைந்த இடத்திலோ வண்ணமே இல்லை. வெறும் பால் நிறக் கல்தான். பொருள் ஒன்றே, ஒழுங்கு இருக்குமிடத்தில் ஒளி இருக்கிறது.

ஆதலால் ஓப்பலை அறுப்பவனுக்கு முதல் வேலை, ஒளி எங்கே படுத்திருக்கிறது என்று தேடுவதே. வைரத்தைப் போல இதற்குப் பட்டைகள் தீட்டுவது வழக்கமன்று. அடிப்பக்கம் தட்டையாகவும் மேற்பக்கம் ஆமை முதுகு போலக் குவிந்தும் இருக்கும்படி தேய்ப்பார்கள். வண்ண அடுக்கு எந்தச் சாய்வில் இருக்கிறதோ, அதற்கு இணையாகக் கல்லின் முகம் அமையவேண்டும். அடுக்கைக் குறுக்கே வெட்டிவிட்டால், விரிப்பாக ஒளிரவேண்டியது விளிம்பில் ஒரு கோடாக முடிந்துபோகும்.

மதுரையின் நகைக் கடைத் தெருவாகிய தெற்கு ஆவணி மூல வீதியில் விசாரித்து, முதிய கல் தொழிலாளி ஒருவரைக் கண்டுபிடித்தோம். இளமையில் திருச்சியில் செயற்கை வைரத்திற்குப் பட்டை தீட்டிப் பழகியவர். பின்னர் ஜெய்ப்பூரில் சில ஆண்டுகள், எத்தியோப்பியாவிலிருந்து வரும் ஓப்பல்களையே அறுத்தவர். தாயும் இரு மகன்களும் நம்மோடு வந்தனர். மகன்கள் ஆளுக்கொரு வண்டியில் வந்தனர் என்பதையும் சொல்லவேண்டும்.

“எங்கே அறுக்கவேண்டும் என்று கோடு போட்டுக் கொடுங்கள்” என்றார் இளையவர். பெரியவர் சிரித்தார். “தம்பி, அறுக்க ஒரு நிமிடம் போதும். பார்க்கத்தான் மூன்று நாள் வேண்டும். கல்லை என்னிடம் விட்டுச் செல்ல மனமில்லையென்றால் தினமும் கொண்டு வாருங்கள்.” அவ்வாறே மூன்று நாளும் கொண்டு சென்றார்கள். காலை வெயிலின் வெளிச்சத்தில் ஒரு முறை, விளக்கொளியில் ஒரு முறை, கல்லின் பின்னால் ஒளியை நிறுத்தி ஒரு முறை எனத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆஸ்திரேலிய ஓப்பலாயின் தண்ணீரில் நனைத்துப் பார்ப்பார்களாம். தோலின் சொரசொரப்பு மறைந்து உள்ளே இருப்பது தெரியும். ஆனால் எத்தியோப்பியாவின் வோலோ பகுதியில் 2008-ஆம் ஆண்டு முதல் வெட்டியெடுக்கப்படும் இந்த வகைக் கல், பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் கண்ணாடி போலாகி வண்ணத்தை மறைத்துக்கொள்ளும். “ஆகவே இதை உலர்ந்த கோலத்தில்தான் எடை போடவேண்டும்” என்றார் அவர்.

இரண்டாம் நாள் தோலை ஓர் ஓரத்தில் சிறிதே தேய்த்து, ‘சன்னல்’ ஒன்று திறந்தார். மூன்றாம் நாள் பென்சிலால் கோடுகள் இட்டு விளக்கினார். கல்லின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக ஒளி அடுக்கு சாய்ந்து கிடந்தது. மறு பக்கத்தில் மயிரிழை போன்ற விரிசல் ஒன்று உள்ளே ஓடியது. விரிசலுக்கு அப்பால் இருந்ததெல்லாம் வெறும் பால் நிறக் கல்.

“சரி பாதியாக அறுத்தால் என்ன ஆகும்?” என்றார் இளையவர்.

“தராசுக்குச் சமமாக இருக்கும், கண்ணுக்குச் சமமாக இராது. ஒரு பாதியில் அறுபட்ட வண்ணம் இருக்கும். மறு பாதியில் வெறுங்கல்லும் விரிசலும் இருக்கும். வெறுங்கல் எவருக்கு விழுகிறதோ, அவர் ஆயுள் முழுவதும் மற்றவரை மன்னிக்க மாட்டார்.”

“அறுக்காமல் அப்படியே விற்றால்?” என்றார் மூத்தவர்.

“அதுவும் ஒரு முடிவுதான். ஆனால் வாங்குகிறவன் விரிசலைக் கண்டு அதற்குரிய விலையைத்தான் தருவான். உள்ளே இருக்கும் ஒளிக்குத் தரமாட்டான். வழி ஒன்று உண்டு. விரிசல் பக்கத்தை ஒதுக்கிவிட்டு, அடுக்கின் சாய்விலேயே ஒரே கல்லாகத் தேய்க்கவேண்டும். எடையில் பாதிக்கு மேல் தூளாகப் போய்விடும். சம்மதமா?”

‘பாதிக்கு மேல்’ என்ற சொல்லைக் கேட்டதும் இருவரும் ஒரே சமயத்தில் திடுக்கிட்டனர். எடையை விட்டுக்கொடுத்து ஒளியைப் பெறுவதா, ஒளியை விட்டுக்கொடுத்து எடையைக் காப்பதா என்பது கல் தொழிலில் பழைய வழக்கு. 1851-ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சியில் கோகினூர் வைரத்தைக் காண வந்த மக்கள், அது போதிய அளவு மின்னவில்லை என்று ஏமாற்றம் அடைந்தனர். மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாமிலிருந்து தொழிலாளரை வரவழைத்து, 38 நாட்கள் தேய்த்தனர். அந்நாளைய கணக்கில் 186 காரட் இருந்த வைரம், இன்று 105.6 காரட். மின்னல் கூடியது, நிறை போயிற்று. நல்லதா கெட்டதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

1905-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரம் 3,106 காரட் எடையுள்ளது. உள்ளே குறைகள் இருந்ததால் அதைப் பிளந்தே ஆகவேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாமின் யோசேப் ஆஷர் அதை நெடுநாள் ஆராய்ந்து, 1908 பிப்ரவரியில் கத்தியை வைத்து அடித்தார். முதல் அடியில் உடைந்தது வைரமன்று, கத்தி! மறுபடி அடித்த பின்னரே கல் பிளந்தது. அதிலிருந்து ஒன்பது பெருங்கற்களும் பல சிறு கற்களும் கிடைத்தன. பிரிக்கவேண்டிய கல்லும் உண்டு என்பதற்கு இது சான்று. 1956-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் கிடைத்த ‘ஒலிம்பிக் ஆஸ்திராலிஸ்’ என்ற ஓப்பலோ 17,000 காரட். அதை அறுக்காமலே வைத்துக் காத்தனர். ஆக, பிளப்பதா, தேய்ப்பதா, தொடாமல் விடுவதா என்பதற்குப் பொது விதி ஏதுமில்லை. ஒவ்வொரு கல்லையும் பார்த்தே சொல்லவேண்டும்.

இதை மதுரை மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் நடந்து செல்லும் மதுரையின் இரத்தினக் கடைத் தெரு வருகிறது. ஏகை, விந்து, களங்கம், காகபாதம் என வைரத்தின் குற்றங்களைப் பெயரிட்டு அறிந்த வணிகர் வாழ்ந்த தெரு அது. அத்தகைய ஊரில்தான், சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பாராமலே அரசன் ஒருவன் கொலைத் தீர்ப்பு வழங்கினான். சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் கண்டது தீர்ப்புக்குப் பின்னர். பார்த்துவிட்டுத் தீர்க்கவேண்டியதைத் தீர்த்துவிட்டுப் பார்த்தான். அரசனும் மாண்டான், ஊரும் எரிந்தது.

பெரியவரின் கேள்விக்கு மகன்கள் பதில் சொல்லவில்லை. தாய்தான் பேசினார். “ஒரே கல்லாகவே செய்யுங்கள் ஐயா. ஆனால் என் மகளையும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.”

அன்று மாலை, வில்லாபுரத்து வீட்டில் மகளும் வந்தமர்ந்தார். இங்கே நாம் பேசவேண்டிய இடம் ஒன்று வந்தது, பேசினோம். பாகம் பிரிக்க அன்று, சட்டம் என்ன சொல்கிறது என்பதை எடுத்துச் சொல்ல. உயில் எழுதாமல் இறந்த நம் கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு, ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகள் அனைவருக்கும் சமம். நகை போட்டுக் கட்டிக் கொடுத்ததால் மகளின் உரிமை அற்றுப்போவதில்லை. இந்தக் குடும்பத்தில் தாய்க்கு ஒன்பதில் மூன்று. பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. நம் பங்குகளில் எத்தனையோ குடும்பங்கள் இதை அறியாமலோ, அறிந்தும் அறியாதவை போலோ நடந்துகொள்கின்றன.

நீண்ட மௌனத்துக்குப் பின் மூத்தவர், “அப்படியானால் அவளும் சம்மதித்தால்தான் அறுக்க முடியும்” என்றார். தங்கையை அவர் கணக்கில் சேர்த்த முதல் சொல் அது. தங்கை, “அப்பா காட்டிய வெளிச்சம் கெடாமல் செய்யுங்கள், அது போதும்” என்றார்.

பெரியவர் வேலையைத் தொடங்கினார். ஓப்பல் சூடு தாங்காது. சூடேறினால் வெடிப்பு விழும். ஆகவே மற்றக் கற்களைப் போல உருக்கிய அரக்கில் பதிக்காமல், குளிர்ந்த பசையால் குச்சியில் ஒட்டினார். சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க, மெல்ல மெல்லத் தேய்த்தார். ஓப்பலின் கடினம் ஐந்தரை முதல் ஆறரை. சாதாரண மணலின் கடினமோ ஏழு. ஒரு மணல் துகள் சிக்கினாலும் முகத்தில் கீறல் விழும். ஆகையால் ஒவ்வொரு சக்கரம் மாற்றும்போதும் கையையும் கல்லையும் கழுவினார். இறுதியில் சீரியம் ஆக்சைடு பொடியால் மெருகேற்றினார். எடை 24 காரட் நின்றது.

அதைக் கையில் வாங்கிய மகன்கள் அதிர்ந்தனர். கல்லில் வண்ணமே இல்லை! மங்கிய கண்ணாடித் துண்டு போலிருந்தது. “கெடுத்துவிட்டீர்களே!” என்று மூத்தவர் குரலை உயர்த்தினார். பெரியவர் நிதானமாகச் சொன்னார்: “தண்ணீர் குடித்திருக்கிறது தம்பி. மூன்று நாளாக நான் சொன்னது இதைத்தான். மெல்லிய துணியில் வைத்து நிழலில் விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், அவசரப்பட்டால் வெடித்துவிடும். எண்ணெய்க் கையாலோ மஞ்சள் பட்ட கையாலோ தொடாதீர்கள், கறையையும் குடித்துவிடும். பத்து நாளோ பதினைந்து நாளோ, காத்திருக்க வேண்டும்.”

“வண்ணம் திரும்பாவிட்டால்?” என்றார் இளையவர். “திரும்பும் என்று என் அனுபவம் சொல்கிறது. உலரும்போது விரிசல் விழாது என்று மட்டும் நான் சத்தியம் செய்ய முடியாது” என்றார் அவர்.

தாய் அதை வெள்ளைத் துணியில் வைத்து, வீட்டுப் பீடத்தில் மாதா சொரூபத்தின் அருகே வைத்தார். அதற்குப் பின் நடந்ததை நாம் கண்ணால் கண்டோம். மாலைதோறும் வேலை முடிந்ததும் மூத்தவர் அங்கே வந்தார், கல்லைப் பார்க்க. இளையவரும் வந்தார், கல்லைப் பார்க்க. மூன்றாம் நாள் தங்கையும் வந்தார். முதலில் ஒருவர் போன பின் ஒருவர் வந்தனர். ஆறாம் நாள் செபமாலை வேளையில் மூவரும் சேர்ந்துவிட்டதால், தாயோடு சேர்ந்து செபமாலை சொல்லவேண்டியதாயிற்று. எட்டாம் நாள் கல்லின் ஓரத்தில் பச்சைப் பொறி ஒன்றை முதலில் கண்டது இளையவர். “அண்ணே, இங்கே பார்!” என்று அவர் கூவியது, பல மாதங்களுக்குப் பின் அண்ணனை நோக்கிப் பேசிய முதல் பேச்சு. பதினான்காம் நாள் கல் முழுவதும் சிவப்பும் பச்சையுமாக எரிந்தது. விரிசல் விழவில்லை.

கல்லால் அவர்கள் குறைகள் யாவும் தீர்ந்துவிட்டன என்று நாம் சொல்ல வரவில்லை. கல்லை நல்ல விலைக்கு விற்றார்கள். சட்டப்படி ஒன்பது பங்காக்கிப் பிரித்துக்கொண்டார்கள். தங்கையின் இரண்டு பங்கை எண்ணிக் கையில் கொடுத்தவர் மூத்த அண்ணன். வீட்டைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது நால்வரும் ஒரே அறையில் அமர்ந்து அதைப் பேசுகிறார்கள். “அம்மா இருக்கும்வரை வீட்டில் கோடு கிழிக்கவேண்டாம்” என்பது வரை வந்திருக்கிறார்கள்.

வாசகப் பெருமக்களே, பாகப்பிரிவினை பாவமன்று. பிரிக்கவேண்டியதைப் பிரிக்காமல் வைத்துப் பகை வளர்ப்பதும் உண்டு. ஆனால் பத்திரம் எழுதுமுன், சுவர் எழுப்புமுன், “இனி உன் முகத்தில் விழியேன்” என்ற சொல்லை வாய்விடுமுன், அந்தப் பெரியவரைப் போல மூன்று நாளாவது திருப்பித் திருப்பிப் பார்ப்போம். நம் குடும்பத்தில் ஒளி அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது? விரிசல் எங்கே ஓடுகிறது? நாம் போடப்போகும் கோடு எதை வெட்டும்? ஆண்டவரின் தையலில்லாத அங்கியைக் கிழித்தால் எவருக்கும் பயன்படாது என்று சிலுவையடியில் நின்ற படைவீரருக்கே தெரிந்திருந்தது. சக்கரத்தில் வைத்த பின் தேய்ந்துபோனது மீண்டும் வளராது. வைக்கும் முன் மட்டுமே நமக்கு நேரம் இருக்கிறது.